அபார்ட்: கைவிடுவதா, முறிப்பதா?

2023 அக்டோபர் 21, ஸ்ரீஹரிகோட்டா. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் சோதனை ராக்கெட் கிளம்ப 5 நொடி இருக்கும்போது கணினியே கவுண்டவுனை நிறுத்திவிட்டது. கோளாறைச் சரிசெய்து காலை 10 மணிக்கு ஏவினார்கள். ஒரு நிமிடம் போயிருக்கும். ஏறத்தாழ 12 கி.மீ. உயரத்தில் உச்சியிலிருந்த தப்பிப்பு மோட்டார்கள் எரிந்து, ஆளில்லாத கலத்தை ராக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போயின. அப்புறம் பாராசூட் விரிந்து கலம் வங்கக் கடலில் இறங்கியது. கடற்படையினர் போய்ப் பார்த்தபோது தலைகீழாக மிதந்துகொண்டிருந்தது.

முதலில் நடந்தது ஹோல்ட் (hold), கவுண்டவுனைத் தற்காலிகமாக நிறுத்துவது. பிறகு சோதனைக்காக வேண்டுமென்றே செய்தது அபார்ட் (abort), பயணத்தைப் பாதியில் விட்டுக் கலத்தைத் தப்பிக்க வைப்பது. இரண்டையும் தமிழில் 'நிறுத்தம்' என்று எழுதினால் அன்றைக்கு நடந்தது என்னவென்றே புரியாது. அப்படியானால் அபார்ட்டுக்குத் தமிழில் என்ன சொல்வது?

அபார்ட்டின் வேர் லத்தீன். 'ஓரிரி' என்றால் எழுதல், உதித்தல். கிழக்கைக் குறிக்கும் 'ஓரியன்ட்' பிறந்ததும் அதிலிருந்துதான். முன்னால் 'அப்' சேர்ந்தால் உதிக்காமலே போவது, கரு கலைவது. மருத்துவத்தில் அந்தப் பொருள் அப்படியே நிலைத்துவிட்டது.

தமிழில் கருவும் கலையும், கூட்டமும் கலையும். ராக்கெட் பயணத்துக்கு 'கலைப்பு' ஒட்டாது. 'ரத்து' கிளம்பும் முன்பே செய்வது. 'இடைநிறுத்தம்' பிறகு தொடரலாம் என்பது, ஹோல்டுக்குக் கச்சிதம். 'கைவிடல்' அகராதிப்படி சரிதான். ஆனால் 'வீரர்கள் இருந்த பயணத்தைக் கைவிட்டனர்' என்று படித்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆளைக் காப்பாற்றும் வேலைக்கு ஆளை அம்போவென விடும் சொல்லா?

என் தேர்வு 'இடைமுறிப்பு'. முறிவு தானாக நேர்வது, முறிப்பு நாம் செய்வது. பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு எழுந்து வருகிறோமே, அந்த முறிப்பு.

1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் ஒன்றியத்தின் பைக்கனூர் ஏவுதளத்தில் சோயுஸ் ராக்கெட்டின் அடியில் தீப்பிடித்தது. தப்பிப்பு மோட்டார் கலத்தைத் தூக்கிக்கொண்டு போன சில நொடிகளில் ராக்கெட் வெடித்தது. உள்ளேயிருந்த விண்வெளி வீரர்கள் தித்தோவும் ஸ்த்ரெக்கலோவும் சுமார் 4 கி.மீ. தள்ளி உயிரோடு இறங்கினார்கள். ராக்கெட்டுக்கு நேர்ந்தது முறிவு, கலத்துக்குச் செய்தது முறிப்பு. ஆனால் பயணமே தொடங்கவில்லையே, 'இடை' எங்கிருந்து வரும்? அதை 'ஏவுதள முறிப்பு' என்று சொல்லிவிடலாம். 2018 ஜூலை 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில், ராக்கெட்டே இல்லாமல் தரையிலிருந்து கலத்தை மட்டும் கிளப்பிப் பார்த்தார்களே, அந்தச் சோதனைக்கும் இதே பெயர் பொருந்தும்.