இம்யூனிட்டி: தமிழில் தடுப்பாற்றல்

கொரோனாவுக்குப் பிறகு டீக்கடை வரை வந்துவிட்ட சொல் இம்யூனிட்டி. மூலம் லத்தீன். 'முனுஸ்' என்றால் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை, கட்ட வேண்டிய வரி. அது இல்லாதவர் 'இம்முனிஸ்'. நம் சோழர் கல்வெட்டுகளில் வரும் 'இறையிலி'யும் இதே அமைப்புதான்: இறை என்றால் வரி, வரி இல்லாத நிலம் இறையிலி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நோயிலிருந்து கிடைக்கும் விலக்கு என்ற பொருள் மருத்துவத்தில் நிலைத்தது.

தமிழில் 'நோய் எதிர்ப்பு சக்தி' என்கிறோம். தப்பில்லை, பழகிவிட்டது. ஆனாலும் 'தடுப்பாற்றல்'தான் பொருத்தம் என்பேன், தீக்காயத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். எதிர்ப்பு என்றதும் ரத்தத்தில் நடக்கும் சண்டைதான் மனதுக்கு வருகிறது, முதல் மதிலான தோல் மறந்துபோகிறது. ஆழமாகக் கருகிய தோலில் ரத்த ஓட்டம் இருக்காது, அதனால் வெள்ளணுக்களும் அங்கே போக முடியாது, ஊசியில் ஏற்றும் ஆன்டிபயாட்டிக்கும் சரியாகப் போய்ச் சேராது. சூடோமோனாஸ் கிருமி அங்கே குடியேறினால் கட்டுத்துணியில் பச்சைக் கறை தெரியும். தடுப்பு போன இடம் அது என்று புரிந்தால் யாரும் பற்பசையோ இங்க்கோ தடவ மாட்டார்கள், சுட்டவுடன் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில்தான் காட்டுவார்கள்.

உடம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெந்துபோனால் விஷயம் காயத்தோடு நிற்பதில்லை. உடல் முழுக்க அழற்சி (உடம்பு தன்னைக் காக்கக் கிளப்பும் வீக்கமும் சூடும்) கிளம்பி, நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து, நீரோடு சேர்ந்து கிருமியை அடையாளம் காட்டும் புரதங்களும் வெளியேறுகின்றன. அதாவது எதிர்ப்பு கூடிப்போகிறது, தடுப்பு குறைகிறது! அப்புறம் சோர்வு: வெள்ளணுக்கள் கிருமியைத் தேடிப் போகும் திறனை இழக்கின்றன, அவற்றில் ஒரு வகையான டி செல்கள் மந்தமாகின்றன. தீயில் தப்பியவரைப் பல நாள் கழித்துத் தொற்று கொண்டுபோவது இப்படித்தான்.

1940-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் தீக்காயம்பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய அண்ணன் தம்பியில் ஒருவரின் தோலை ஒட்டிப் பார்த்தார்கள் அறுவை மருத்துவர் கிப்சனும் உயிரியலாளர் மெடவாரும். இரண்டாம் முறை ஒட்டியது முதல் முறையைவிட வேகமாக அழிந்தது. அந்நியத் தோலைத் தடுப்பாற்றல் நினைவில் வைத்திருக்கிறது என்பது அதில் தெரிந்தது. மெடவாருக்கு 1960-இல் நோபல் பரிசு. ஆனால் மிகப் பெரிய தீக்காயம் உள்ளவர்களிடம் தானத் தோல் வழக்கத்தைவிட அதிக நாள் ஒட்டியிருக்கும். அதை உதிர்க்கக்கூடத் தெம்பில்லாமல் அவர்களுடைய தடுப்பாற்றல் படுத்துக் கிடக்கிறது.