தோளை இழந்த துப்பாக்கி

அமெரிக்காவில் விற்பனையாகும் மாஸ்பெர்க் 590 ஷாக்வேவ் என்பது ஒரே தோட்டாவில் பல ரவைகளைச் சுடும் குட்டை ஷாட்கன். அதைக் கையில் எடுப்பவரின் கண்ணில் முதலில் படுவது, குழலுக்கு அடியில் உள்ள முன்பிடியில் கட்டப்பட்டிருக்கும் அகலமான நைலான் பட்டைதான். முன்பக்கத்துக் கையை அந்தப் பட்டைக்குள் நுழைத்துத்தான் முன்பிடியைப் பற்ற வேண்டும். பார்வைக்கு அது பயணப்பெட்டியின் வாரைப்போல இருந்தாலும், அதைச் சேர்த்ததற்கு வலுவான காரணம் உண்டு. இந்தத் துப்பாக்கியின் குழல் வாய், முன்பிடியைப் பற்றும் விரல்களுக்குச் சிறிது தொலைவிலேயே முடிந்துவிடுகிறது. சுடும்போது துப்பாக்கி பின்னோக்கிப் பாய்கிறது. பிடி தளர்ந்த கை இருந்த இடத்திலேயே நின்றுவிட்டால், அடுத்த கணம் அது குழல் வாய்க்கு முன்னால் இருக்கும். அந்தக் கை நழுவாமல் தடுப்பதே பட்டையின் வேலை. நீளமான குழலும் தோளில் பதியும் பின்கட்டையும் கொண்ட வழக்கமான ஷாட்கன்னுக்கு இப்படி ஒரு பட்டை தேவைப்பட்டதே இல்லை.

2017-ஆம் ஆண்டில் ஷாக்வேவும், அதே ஆண்டில் ரெமிங்டன் நிறுவனத்தின் டாக்-14 என்னும் மாதிரியும் சந்தைக்கு வந்தன. இரண்டுமே 14 அங்குல அளவுக் குழலும், பறவைத் தலையைப்போல் வளைந்த கைப்பிடியும் கொண்டவை. இரண்டுக்கும் பின்கட்டை கிடையாது. இந்த வடிவத்தைத் தீர்மானித்ததில் பொறியாளர்களுக்கு இணையான பங்கு சட்ட வாசகத்துக்கும் உண்டு. 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம், 18 அங்குலத்துக்குக் குறைவான குழலுடைய ஷாட்கன்னைப் பதிவுக்கும் 200 டாலர் வரிக்கும் உட்படுத்தியது. ஆனால் அந்தச் சட்டத்தின் பார்வையில் ஷாட்கன் என்பது தோளில் வைத்துச் சுடுவதற்காக உருவாக்கப்பட்டது. தொழிற்சாலையிலிருந்து பின்கட்டை இல்லாமலே வெளிவந்த ஒன்று அந்த வரையறைக்குள் அடங்குவதில்லை. அதன் மொத்த நீளமும் 26 அங்குலத்தைத் தாண்டிவிட்டால், மறைத்து வைக்கத்தக்க ஆயுதம் என்னும் மற்றொரு வகைக்குள்ளும் அது தானாக விழுவதில்லை. ஷாக்வேவின் மொத்த நீளம் 26.37 அங்குலம். மீதமிருக்கும் அந்த அரை அங்குலத்துக்கும் குறைவான நீளத்தைத் தருவது பின்னோக்கி நீண்டு வளைந்த கைப்பிடிதான். அதனால்தான் அதைக் கழற்றிவிட்டுக் குட்டையான பிடியொன்றைப் பொருத்துவதோ, ஆசைப்பட்டுத் தோள்கட்டை ஒன்றைச் சேர்ப்பதோ, உரிமையாளரைக் கூட்டாட்சிச் சட்டத்தின் வேறு பிரிவுக்குள் கொண்டுபோய் நிறுத்தும். உரிமம் பெற்ற வணிகரிடம் இதை வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் சட்டமோ குழல் நீளத்தை மட்டுமே பார்த்து இதைத் தடை செய்கிறது.

சட்டம் அனுமதித்த வடிவத்தை இயற்பியல் எப்படி நடத்துகிறது என்பதுதான் நம் கேள்வி. அதற்கு முதலில் ஒரு தோட்டாவை நீளவாக்கில் பிளந்து பார்க்கலாம். 12 கேஜ் என்பது, ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை கொள்ளும் விட்டம், ஏறத்தாழ 18.5 மி.மீ. தோட்டாவின் பித்தளை அடியில் தீப்பொறி தரும் பிரைமர், அதன்மேல் இரண்டு கிராமை ஒட்டிய வெடிமருந்துத் தூள், அதன்மேல் வாயுவைக் கசியவிடாமல் தடுக்கும் நெகிழிக் கிண்ணம், அதற்குள் ஈய ரவைகள் என்று அடுக்கு அமைந்திருக்கும். இரட்டைச் சுழி பக்‌ஷாட் என்னும் வகையில் 8.4 மி.மீ. விட்டமுள்ள ஒன்பது ரவைகள் இருக்கும், ஒவ்வொன்றும் 3.5 கிராம். ஆக ரவைகள் 31.5 கிராம், கிண்ணத்தையும் சேர்த்தால் 34 கிராம் அளவு முன்னோக்கிப் போகிறது. முழு வலுத் தோட்டாவில் அதன் வேகம் விநாடிக்கு 400 மீட்டர்.

முன்னே போகும் உந்தம் எவ்வளவோ அவ்வளவு உந்தம் பின்னேயும் வந்தாக வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி பின்கட்டை இருக்கிறதா என்று கேட்பதில்லை. 34 கிராமை 400-ஆல் பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 13.6 கிலோகிராம் மீட்டர்/விநாடி. எரிந்த வாயுவும் குழல் வாயிலிருந்து பீறிட்டு வெளியேறித் தன் பங்குக்கு ஒன்றரை அளவு கூட்டுகிறது. மொத்தம் 15 என்று வைத்துக்கொள்ளலாம். 3.3 கிலோ எடையுள்ள வழக்கமான ஷாட்கன் இந்த உந்தத்தால் விநாடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் பின்னே வரும்; அதன் இயக்க ஆற்றல் 34 ஜூல். ஷாக்வேவின் எடையோ 2.4 கிலோ மட்டுமே. அதே உந்தம் அதை விநாடிக்கு 6 மீட்டருக்கும் மேலான வேகத்தில் தள்ளுகிறது. ஆற்றல் 47 ஜூலாகிவிடுகிறது. குறுங்குழலில் ரவையின் வேகம் சற்றே குறையும் என்பதால் உண்மை எண் இதைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்கும், ஆனால் கணக்கின் போக்கு மாறாது: உந்தம் ஒன்றாகவே இருக்க, எடை குறையக் குறைய ஆற்றல் ஏறுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு தோட்டா ஏறத்தாழ 45 கிராம். ஆறு தோட்டாக்கள் நிரம்பிய துப்பாக்கி கால் கிலோவுக்கும் மேல் கனம் கூடியிருக்கும். சுடச் சுட அந்தக் கனம் கரைவதால், கடைசித் தோட்டா முதல் தோட்டாவைவிட உண்மையிலேயே பலமாக உதைக்கிறது. களைப்பு மட்டும் அதற்குக் காரணமில்லை.

நேரத்தையும் பார்க்க வேண்டும். தோட்டா அறையிலிருந்து கிளம்பிய ரவைகள் குழல் வாயைத் தாண்டுவதற்கு 2 மில்லிவிநாடி அளவே ஆகிறது. அவை ஏறக்குறைய 29 செ.மீ. முன்னே நகரும் அந்த இடைவெளியில் துப்பாக்கி பின்னே நகர்வது வெறும் 4 மி.மீ. மனிதரின் தொடு உணர்வு மூளைக்குச் சென்று தசைக்குக் கட்டளையாகத் திரும்ப 100 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். ஆகவே பின்னுதைப்பை உணர்ந்து அதற்கேற்பப் பிடியை இறுக்குவது என்பது நடவாத காரியம். டிரிக்கரை அழுத்துவதற்கு முன்னரே கைகள் எந்த நிலையில் இருந்தனவோ அந்த நிலையே உதையை வாங்கிக்கொள்கிறது.

அந்த 47 ஜூல் எங்கே போகிறது? விசையும் தூரமும் சேர்ந்துதான் ஆற்றலை விழுங்குகின்றன. துப்பாக்கியைப் பத்து செ.மீ. தூரத்தில் மெல்ல நிறுத்தினால் சராசரி விசை 470 நியூட்டன். ஏறத்தாழ 48 கிலோ எடையைத் தாங்குவதற்குச் சமம். அதையே இரண்டு செ.மீ.க்குள் நிறுத்த முயன்றால் விசை ஐந்து மடங்காகி 240 கிலோ எடையின் அழுத்தத்தை எட்டும். பின்கட்டையுள்ள துப்பாக்கியில் இந்த வேலையைத் தோள், மேல்முதுகு, இடுப்பு எல்லாம் பங்கிட்டுக்கொள்கின்றன. ரப்பர் தகடு உதையை உள்ளங்கையளவு பரப்பில் விரிக்கிறது. சுடுபவரின் உடம்பே சற்றுப் பின்சாய்ந்து தூரத்தைக் கூட்டுகிறது. பின்கட்டையை எடுத்துவிட்டால் இவ்வளவும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே உள்ள மெல்லிய சவ்வுப் பகுதியிலும், அதற்குப் பின்னால் இருக்கும் மணிக்கட்டின் சிறு எலும்புகளிலும் வந்து குவிகின்றன.

விசை வந்து சேரும் திசையும் முக்கியம். குழலின் அச்சு பிடித்திருக்கும் கைக்குச் சில செ.மீ. மேலே ஓடுவதால், பின்னோக்கிய தள்ளல் கையைச் சுற்றி ஒரு முறுக்குவிசையை உண்டாக்கிக் குழல் வாயை மேலே எழுப்புகிறது. கைத்துப்பாக்கியைப்போல் செங்குத்தாக இறங்கும் பிஸ்டல் பிடியில் இந்த நெம்பல் அதிகம். உதை நேராகக் கட்டைவிரல் மூட்டில் இறங்க, மணிக்கட்டு கட்டைவிரல் பக்கமாக மடக்கப்படுகிறது. அந்தத் திசையில் மணிக்கட்டுக்கு இயல்பாகவே நெகிழ்வு குறைவு. பறவைத் தலைப் பிடியோ உழுபவர் பற்றும் மேழியைப்போலச் சாய்ந்து குழலின் நீட்சியாகவே போகிறது. கை குழல் அச்சுக்கு அருகில் வருவதோடு, முழங்கைக்குக் கீழுள்ள கையின் எலும்பும் விசையின் போக்கோடு ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைகிறது. முழங்கையை மடக்கி வைத்தால் முழுக் கரமும் வில்சுருளாகிவிடும், இரண்டு செ.மீ. பத்து செ.மீ. ஆவது இங்கேதான். மாஸ்பெர்க் துப்பாக்கிகளின் பாதுகாப்புப் பொத்தான் மேற்புறத்தில், கட்டைவிரலுக்கு நேரே இருக்கிறது. செங்குத்துப் பிடியைப் பிடித்த கைக்கு அது எட்டுவது கடினம், சாய்ந்த பிடிக்கு எளிதாக எட்டுகிறது. இந்த வசதியைத்தான் நான் இந்தப் பிடியின் சிறந்த குணமாகக் கருதுகிறேன்.

பயிற்றுநர்கள் சொல்லித்தரும் தள்ளி-இழுக்கும் முறையும் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கிறது. முன்பிடியைப் பற்றிய முன்கை துப்பாக்கியை முன்னே தள்ள, பின்கை அதைப் பின்னே இழுக்க, இரண்டுக்கும் இடையே துப்பாக்கி விறைப்பாக நிற்கிறது. பின்னுதைப்பின் பெரும்பங்கு ஏற்கெனவே முன்னோக்கி அழுத்திக்கொண்டிருக்கும் கையின் மீது விழுகிறது. ஆனால் இது முன்பிடியைப் பின்னும் முன்னும் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் பம்ப் துப்பாக்கி என்பதால் ஒரு முரண் எழுகிறது. வெடித்த மறுகணமே அதே முன்கை தன் போக்கை மாற்றிக்கொண்டு முன்பிடியைக் கடைசிவரை பின்னே இழுக்க வேண்டும். முன்பிடியோடு இணைந்த இரண்டு இரும்புத் தண்டுகள் தோட்டா அறையை மூடியிருக்கும் அடைப்பானைப் பின்னே தள்ள, கொக்கி காலி உறையை இழுத்து வெளியே வீச, பின்வாங்கலின் இறுதியில்தான் அடுத்த தோட்டா, மீதித் தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் களஞ்சியக் குழாயிலிருந்து விடுபட்டு, அதை அறை மட்டத்துக்கு உயர்த்தும் தூக்கியில் ஏறுகிறது. தள்ளும் நினைப்பிலேயே இருக்கும் கை பாதி தூரம் மட்டும் இழுத்துவிட்டுத் திரும்பினால், அடுத்த தோட்டா வராது. அறை காலியாகவே மூடிக்கொள்ளும். டிரிக்கரை அழுத்தினால் வெறும் சொடுக்கு மட்டுமே கேட்கும். தோளில் ஊன்றிய துப்பாக்கியில் மூன்றாவது ஆதாரம் இருப்பதால் முன்கைக்கு இந்த இரட்டை வேலை இல்லை.

குறி பார்ப்பதிலும் இழப்பு இருக்கிறது. கன்னம் பின்கட்டையில் பதியும்போது கண் ஒவ்வொரு முறையும் குழலுக்குப் பின்னால் ஒரே இடத்தில் வந்து அமரும். இங்கே அந்த நிலைப்பு இல்லை. இடுப்பருகே வைத்துச் சுடுபவர் கண்ணுக்கு அரை மீட்டருக்கும் மேல் கீழே இருக்கும் குழலின் திசையை ஊகிக்கத்தான் முடியும். முகவாய் உயரத்துக்குத் தூக்கி, கைகளை நன்றாக முன்னே வைத்து, குழல் நுனி மணியின் வழியே பார்ப்பது மேல். ஆனால் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் பின்வரும் இரும்பை முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டால் பற்கள்தான் அதற்கு விலை. ‘ஷாட்கன்னுக்குக் குறி எதற்கு, எப்படியும் சிதறித்தான் போகிறதே’ என்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. வாயருகே சோக் என்னும் ஒடுக்கம் இல்லாத குழலில் பக்‌ஷாட் ஒரு கெஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்பது பழைய கைக்கணக்கு. அதன்படி 7 மீட்டரில் சிதறல் வட்டத்தின் விட்டம் 19 செ.மீ., அதாவது ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. அதே தூரத்தில் ஒரே ஒரு பாகை திசை பிசகினால் வட்டத்தின் நடுப்புள்ளி 12 செ.மீ. விலகிவிடும், குறிப்புள்ளி வட்டத்துக்கு வெளியே போய்விடும். ரவைகளை இறுக்கிப் பிடித்துச் செல்லும் புதிய வகைக் கிண்ணங்களில் வட்டம் இன்னும் சிறுத்துப்போகிறது.

குட்டைக் குழல்தான் ரவைகளை அகலமாகச் சிதறடிக்கிறது என்னும் நம்பிக்கையும் முழுவதும் சரியன்று. சிதறலைத் தீர்மானிப்பவை குழல் வாயருகே உள்ள சோக்கும், கிளம்பும் வேகத்தில் நசுங்கிக் கோணலாகி வெவ்வேறு அளவில் காற்றால் இழுபடும் ரவைகளும்தான். பழைய நாளில் குழலை அறுத்தவர்கள் அதோடு சோக்கையும் சேர்த்து அறுத்துவிட்டார்கள். பழி குழலின் நீளத்தின்மேல் விழுந்துவிட்டது. வேகமும் பெரிதாகக் குறைவதில்லை. ஷாட்கன் மருந்து விரைவாக எரிவது என்பதால், ஓர் அங்குலக் குழல் குறைந்தால் விநாடிக்குச் சில மீட்டர்களே இழப்பாகும். குட்டைக் குழலில் உண்மையாகவே கூடுவது குழல் வாயில் மிஞ்சியிருக்கும் வாயு அழுத்தமும், அதனால் எழும் தீச்சுடரும் ஓசையும். 12 கேஜின் ஓசை 150 டெசிபெலை எளிதாகத் தாண்டும். கேள்திறனைக் கெடுக்கும் திடீர் ஓசைக்கான எல்லை 140. குழல் வாய் முகத்துக்கு அருகில் வந்துவிட்ட இந்தத் துப்பாக்கிக்குக் காதடைப்பான், அதன்மேல் காதுமூடி என்று இரண்டும் தேவை.

இவ்வளவுக்கும் நடுவே சுடுபவர் கையில் இருக்கும் எளிய மாற்று தோட்டாதான். அதே ஒன்பது ரவைகளை விநாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் அனுப்பும் தணிந்த வலுத் தோட்டாக்கள் உண்டு. அவற்றின் உந்தம் 13 அளவு, 2.4 கிலோ துப்பாக்கியில் அது 35 ஜூலாகிறது. அதாவது, பின்கட்டையுள்ள முழு எடைத் துப்பாக்கி முழு வலுத் தோட்டாவால் வாங்கும் அதே உதை. இன்னும் இறங்க விரும்புவோர்க்கு 44 மி.மீ. நீளமே உள்ள குட்டித் தோட்டாக்கள் இருக்கின்றன. 18 கிராம் ரவையை அனுப்பும் ஒன்றின் உதை 13 ஜூல் அளவே. களஞ்சியக் குழாயிலும் அவை அதிக எண்ணிக்கையில் அடங்கும். ஆனால் நீளமான தோட்டாவுக்கென அமைத்த தூக்கியின்மேல் இந்தக் குட்டித் தோட்டாவுக்குப் பின்னால் வெற்றிடம் மிஞ்சுகிறது, மேலேறும் வழியில் அது அந்த வெற்றிடத்துக்குள் புரண்டு, குழலுக்கு முதுகைக் காட்டியபடி சிக்கிக்கொள்ளும். பல உரிமையாளர்கள் தோட்டா ஏற்றும் வாயின் பின்பக்கத்தில் ஒரு சிறு ரப்பர் துண்டைச் செருகி அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறார்கள். பெரிய தோட்டாவுக்கு மாறும்போது அதை நினைவாக எடுத்துவிட வேண்டும்.