டாரட் சீட்டும் ஒரு பிளாக்கெட்டும்

திருப்பூரில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். மேஜையில் டாரட் என்ற, குறி சொல்லப் பயன்படுத்தும் படச் சீட்டுக் கட்டைப் பார்த்ததும் வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "ஏனுங்க, நல்ல காலம் எப்பங்க வரும்?" கோயிலில் பூக் கேட்டும், சாமி பக்தர் கனவில் சொன்ன பொருளை வைக்கும் சிவன்மலை முருகன் கோயில் உத்தரவுப் பெட்டியில் இப்போது என்ன இருக்கிறது என்று பேசியும் வளர்ந்தவர்கள் நாம். அப்படிக் கேட்பது இயல்பு. ஆனால் அது சாமியிடம் கேட்பது. என் சீட்டுக்கு வருங்காலம் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

டாரட் 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் சீட்டாட்டமாகத் தொடங்கியது. அதை வைத்துக் குறி சொல்வது 18ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. மொத்தம் 78 சீட்டுகள். என்னிடம் இருப்பது 1909இல் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்கள் கொண்ட கட்டு. அதைக் குலுக்கிக் கவிழ்த்து வைப்பதில்லை. படம் தெரிகிற மாதிரி பரப்பிவிட்டு, மனசு எதில் நிற்கிறதோ அதை எடுக்கச் சொல்வேன்.

பனியன் கம்பெனியில் இருபது வருடம் பவர் டேபிள் தையல் மெஷின் ஓட்டிய ஒரு அக்கா வந்தார். (அவர் அனுமதியோடு, அடையாளத்தை மாற்றி எழுதுகிறேன்.) நாற்பத்தைந்து வயதில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வடிவம், போடக் கற்றுக்கொண்டிருந்தார். கூடப் படிப்பவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள். "எனக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குதுங்க" என்று அழுதார்.

அவர் எடுத்தது 'காசு எட்டு' என்ற சீட்டு. ஓர் இளைஞன் பலகையில் உட்கார்ந்து காசு ஒன்றைச் செதுக்குகிறான். முடித்தவை பக்கத்து மரத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. வேலைப்பாட்டையும் பயிற்சியையும் குறிக்கும் சீட்டு என்று புத்தகங்கள் சொல்லும். நான் வாயைத் திறக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இவன் முடிச்சதைக் கண்ணு முன்னாடி மாட்டி வெச்சிருக்கான். நான் தைச்சது அத்தனையும் பெட்டி கட்டிக் கப்பல் ஏறிருச்சுங்க. ஒண்ணுகூட எங்கிட்ட இல்லை."

கற்றது சேர்ந்துகொண்டே போகும், கையில் ஒன்றும் இல்லாத மாதிரியே இருக்கும். நிறைவு வராததற்கு இதுவும் ஒரு காரணம் என்று பலரிடம் பார்த்திருக்கிறேன். தினமும் ராத்திரி, இன்று புதிதாகக் கைவந்தது எது என்று ஒரே ஒரு வரி நோட்டில் எழுதச் சொன்னேன். வீட்டில் நீங்களும் செய்யலாம். "நடக்குமா?" என்று சீட்டிடம் கேட்காதீர்கள். "இந்தப் படத்தில் முதலில் என் கண்ணில் பட்டது எது, ஏன்?" என்று உங்களையே கேளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சீட்டைப் பார்த்துவிட்டுக் கெட்டது வருகிறது, பரிகாரத்துக்குப் பணம் கட்டு என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தூக்கம் போய்விட்டது, சோறு இறங்கவில்லை, உயிரே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் சீட்டைத் தொடவே வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரமும் அழைக்கலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மூன்று வாரம் கழித்து அந்த அக்கா நோட்டோடு வந்தார். அப்புறம் போனை எடுத்து ஒரு படம் காட்டினார். தானே பேட்டர்ன் போட்டு, வெட்டி, தைத்த டிசர்ட் பிளாக்கெட், கழுத்துக்குக் கீழே பட்டன் வைக்கிற பட்டி. நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்.