ஆய்வகத்தில் கண்ணீர்ச் சுரப்பி அழுகிறது சரி, நீங்கள் ஏன் சொட்டு மருந்தை நிறுத்தினீர்கள்?

"கண்ணீர்ச் சுரப்பியையே வளர்த்துட்டாங்களாமே டாக்டர், அப்புறம் எதுக்கு இந்த டிராப்ஸ்?" என்று கேட்பவர்களுக்கு இதுவரை பொறுமையாகவே பதில் சொல்லி வந்தேன். இந்த வாரம் வந்தவர் கேட்கக்கூட இல்லை. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயால் சுரப்பி கிட்டத்தட்ட வற்றிப்போனவர், புது சிகிச்சை வரட்டும் என்று மருந்தை எல்லாம் நிறுத்திவிட்டு, கருவிழியில் புண்ணோடு வந்து உட்கார்ந்தார்.

செய்தி பொய்யில்லை. 2013-ல் ஜப்பானியக் குழு ஒன்று எலிக்கருவின் செல்களிலிருந்து சுரப்பியின் முளையை உருவாக்கி, சுரப்பி நீக்கப்பட்ட எலிகளில் வைத்துக் கண்ணீர் சுரக்க வைத்தது. 2021-ல் நெதர்லாந்தில் உயிரியலாளர் ஹான்ஸ் கிளெவர்ஸின் குழு மனிதச் சுரப்பித் திசுவிலிருந்து குட்டிச் சுரப்பிகளை வளர்த்தது. நரம்புகள் சைகை அனுப்பப் பயன்படுத்தும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை விட்டதும் அவை அழுதன, ஆனால் கண்ணீர் வெளியேற வழியில்லாமல் பலூன் மாதிரி உப்பின. 2022-ல் ஒசாகா பல்கலைக்கழகத்தில் மனித ஸ்டெம் செல்லிலிருந்து (பலவகைத் திசுவாக மாறக்கூடிய மூலச் செல்) வந்த சுரப்பித் திசு, எலியின் கண்ணருகே வைத்த பிறகு முதிர்ந்து கண்ணீர்ப் புரதம் சுரந்தது. எனக்கே படிக்கச் சிலிர்த்தது. ஆனாலும் எல்லாம் எலியோடும் ஆய்வகக் கிண்ணத்தோடும் நிற்கிறது. மனிதனுக்கு வைப்பதென்றால் குழாய் சரியான இடத்தில் திறக்க வேண்டும், நரம்பு வந்து சேர வேண்டும், போதுமான அளவு சுரக்க வேண்டும். ஷோக்ரன் நோயாளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: பழைய சுரப்பியைத் தின்ற அதே நோய் எதிர்ப்பு மண்டலம் புதியதை மட்டும் விட்டுவைக்குமா?

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது வேறு. "ஸ்டெம் செல்" என்று போர்டு போட்டவர்கள் எல்லாம் இதைத்தான் செய்கிறார்கள் என்ற நம்பிக்கை. இல்லவே இல்லை. ஒசாகாவில் செய்தது ஒரு செல்லைப் படிப்படியாக வழிநடத்திச் சுரப்பித் திசுவாக்குவது. விளம்பரக்காரர்கள் செய்வது உங்கள் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, கலக்கி, ஊசியில் ஏற்றிக் கண்ணைச் சுற்றிப் போடுவது; அது சுரப்பியாக மாறாது. டென்மார்க்கில் கொடையாளியின் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைச் சுரப்பிக்குள் செலுத்திப் பார்த்தார்கள், அதுகூட முறையாகப் பதிவுசெய்த ஆய்வு, நோக்கமும் அழற்சியைத் தணிப்பதுதான், புதுச் சுரப்பி முளைக்க வைப்பதல்ல. முறையில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஃபுளோரிடாவே சாட்சி: விழித்திரை நோய்க்கென்று இரண்டு கண்ணுக்குள்ளும் கொழுப்பு செல் ஊசி போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையைப் பறிகொடுத்தது 2017-ல் மருத்துவ இதழில் வெளியானது. ஆய்வு என்று சொல்லிவிட்டுச் சிகிச்சைக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று, கண் உலர்வு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கண்ணீர்ச் சுரப்பி பிரச்சினையே இல்லை. இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொண்டு, இருக்கிற கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடுகிறது. இவர்களுக்கு நாளைக்கே புதுச் சுரப்பி வந்தாலும் பெரிதாகப் பயனில்லை. சூடான ஒத்தடமும் இமைச் சுத்தமும்தான் வேலை செய்யும், அதைத்தான் யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை!

சுரப்பி உண்மையிலேயே வற்றியவர்களுக்கு இன்றைக்கே வழிகள் இருக்கின்றன: கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் பிளக், அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு, உங்கள் ரத்தத்திலிருந்தே எடுக்கும் சீரம் சொட்டு, கண்ணின் வெள்ளைப் பகுதி மேல் அமர்ந்து கருவிழியை ஈரமாக வைத்திருக்கும் பெரிய ஸ்கிலீரல் லென்ஸ். அடிக்கடி சொட்டு போடுபவர் பிரிசர்வேட்டிவ் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டை நீங்களாக எடுத்துப் போடாதீர்கள், கண் அழுத்தமும் புரையும் அதில்தான் வந்து சேரும். வாயும் வறண்டு மூட்டும் வலித்தால் கண் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள், அது ஷோக்ரனின் அடையாளமாக இருக்கலாம்; கண்ணுக்குச் சம்பந்தமில்லை என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். வலியோடு சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல், கருவிழியில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே வாருங்கள். மருந்தை நிறுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், தயவுசெய்து. நான் திட்டினாலும் பரவாயில்லை.