ரத்த வாந்திக்கு ஆன்டிபயாடிக் எதற்கு?

கல்லீரல் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) உள்ளவர் ரத்த வாந்தியோடோ, தார் போன்ற கறுப்பு மலத்தோடோ வந்து சேரும்போது, அவசர சிகிச்சைப் பிரிவில் எல்லோர் கவனமும் ரத்தத்தின் மேல்தான் இருக்கும். ரத்த வங்கிக்கு ஆள் ஓடுவார். எண்டோஸ்கோப்பி அறைக்குத் தகவல் போகும். அந்தப் பரபரப்பில் விட்டுப்போவது ஒரு கிராம் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி. “காய்ச்சலே இல்லையே, இவருக்கு எதற்கு ஆன்டிபயாடிக்?” என்று உறவினர் கேட்பார். நியாயமான கேள்விதான்.

நல்ல உடம்பில் குடலிலிருந்து தப்பி வரும் கிருமிகளைக் கல்லீரல் வடிகட்டி அழித்துவிடும். சிரோசிஸில் அந்த வடிகட்டியே பழுது. போதாததற்கு, கல்லீரலுக்குள் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பகுதி அதைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக ஓடுகிறது. ரத்தக்கசிவின்போது குடல் சுவருக்கு ரத்தம் குறைந்து, அதன் தடுப்பும் தளர்கிறது. தொற்றைத் தடுக்க முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தராத காலத்து ஆய்வுகளில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே கிருமித்தொற்று இருந்தது. வயிற்று நீர், சிறுநீர், நுரையீரல், ரத்தம் ஆகியவையே அது வழக்கமாகப் பிடிக்கும் இடங்கள்.

தொற்று வந்தால் அது தனியாக நிற்காது. கல்லீரலுக்குப் போகும் சிரையில் அழுத்தம் ஏறும், ரத்தம் உறையும் தன்மை கெடும், அடைபட்ட ரத்தக்குழாய் மறுபடி திறந்துகொள்ளும். சிறுநீரகமும் தளரும். அதனால்தான் இந்த ஊசியை ரத்தக்கசிவு சிகிச்சையின் ஓர் அங்கமாகவே பார்க்க வேண்டும்.

அளவு எளிது. செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம், சிரை வழியாக, 24 மணி நேரத்துக்கு ஒரு முறை. 100 மி.லி. நார்மல் சலைனில் கலந்து அரை மணி நேரத்தில் ஏற்றினால் போதும். முதல் டோஸ் எண்டோஸ்கோப்பிக்கு முன்பே போய்விட வேண்டும். தவறு நடப்பதும் பெரும்பாலும் இங்கேதான்: “ஸ்கோப் முடியட்டும், காரணம் தெரியட்டும்” என்று தள்ளிவைத்து, காலை ரவுண்ட்ஸில் எழுதி, மதியம் முதல் ஊசி போகும். கசிவு உணவுக்குழாயில் வீங்கிய சிரையிலிருந்தா, வயிற்றுப் புண்ணிலிருந்தா என்று தெரியக் காத்திருக்கத் தேவையில்லை. சிரோசிஸ், உணவுப் பாதையின் மேல்பகுதியில் ரத்தக்கசிவு, இந்த இரண்டும் சேர்ந்தாலே போதும்.

அதே கையில் ரிங்கர் லாக்டேட் என்ற திரவம் ஓடிக்கொண்டிருந்தால் கவனம். அதிலுள்ள கால்சியத்தோடு இந்த மருந்து சேர்ந்தால் குழாயில் வெண்மையாகத் திரியும். அதை நிறுத்தி, குழாயை நார்மல் சலைனால் நன்றாகக் கழுவிவிட்டு ஏற்றுங்கள். வேறு கையில் லைன் இருந்தால் இன்னும் நல்லது. பென்சிலின் அல்லது செஃபலோஸ்போரின் ஊசியால் முன்பு மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்திருந்தால், உறவினர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நார்ஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் 400 மி.கி. மாத்திரை தினம் இரு வேளை என்பது பழைய வழி. ரத்த வாந்தி எடுப்பவருக்கு மாத்திரை எங்கே நிற்கும்? மஞ்சள் காமாலை, வயிற்று நீர், குழப்பம் என்று நோய் முற்றியவர்களிடம் செஃப்ட்ரியாக்சோன் அதைவிட மேலானது என்று 2006-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வும் காட்டியது. ஏற்கெனவே நார்ஃப்ளாக்சசின் சாப்பிட்டு வருபவரிடம் அதற்கு அடங்காத கிருமிகள் இருக்க வாய்ப்பு அதிகம். ஜென்டாமைசின், அமிகாசின் வகை ஊசிகளை இவர்களுக்குத் தொடாதிருப்பதே நல்லது, சிறுநீரகம் தாங்காது.

தடுப்பு மருந்து ஓடுகிறது என்பதற்காகத் தொற்றைத் தேடாமல் விடக் கூடாது. இவர்களுக்குக் காய்ச்சல் வராமலே தொற்று இருக்கும். மண்ணீரல் வீக்கத்தால் வெள்ளணு எண்ணிக்கை முன்பே குறைந்திருப்பதால், அது ஏறினாலும் “நார்மல்” என்றே ரிப்போர்ட் வரும். புதிதாகப் பேச்சு குழறுவதோ, பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பதோ மட்டுமே அடையாளமாக இருக்கலாம். வயிற்றில் நீர் இருந்தால் அதை ஊசியால் எடுத்துச் சோதித்தே ஆக வேண்டும். எடுத்த நீரில் 10 மி.லி.யைப் படுக்கையருகிலேயே கல்ச்சர் பாட்டிலில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பாட்டில்) செலுத்துங்கள். வெறும் குழாயில் லேபுக்குப் போனால் கிருமி வளராமல் போவதுண்டு. அந்த நீரில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ஒரு கன மி.மீ.க்கு 250 அல்லது அதற்கு மேல் என்றால் அது தடுப்பு நிலையைத் தாண்டிவிட்டது. முழுச் சிகிச்சையும் ஆல்புமின் என்ற ரத்தப் புரதமும் தேவை. மாதிரி எடுப்பது தாமதமானால், அதற்காக ஆன்டிபயாடிக் ஊசியை நிறுத்திவைக்காதீர்கள்.

கூடவே ஓடும் மற்றவை: சிரை அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிபிரெசின் அல்லது ஆக்ட்ரியோடைடு, 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி, ஹீமோகுளோபினை 7–8 கிராம்/டெ.லி. அளவில் மட்டும் நிறுத்தும் கட்டுப்பாடான ரத்தம். அளவுக்கு மீறி ஏற்றினால் சிரை அழுத்தம் கூடும்.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் நாம் தளர்கிறோம். அதிகபட்சம் 7 நாள். கசிவு நின்று, டெர்லிபிரெசினும் நின்றுவிட்டால் அதற்கு முன்பே நிறுத்தலாம். நோய் முற்றாத, சைல்டு ஏ நிலையில் (சிரோசிஸின் தீவிரத்தை ஏ, பி, சி என்று பிரிக்கும் அளவில் மிக லேசானது) உள்ளவர்களுக்குத் தொற்று அபாயமே மிகக் குறைவு. அவர்களுக்கு எத்தனை நாள் தேவை என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. “பாதுகாப்புக்கு” என்று டிஸ்சார்ஜ் சீட்டில் இன்னும் ஐந்து நாள் செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதுவது எந்தப் பாதுகாப்பும் தராது. மருந்துக்கு அடங்காத கிருமியையும், விடாத வயிற்றுப்போக்கையும்தான் வளர்க்கும். முதல் டோஸ் எழுதும்போதே நிறுத்தும் தேதியையும் மருந்துச் சீட்டில் எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போகும் நாளில் சீட்டில் ஆன்டிபயாடிக் இருந்தால், அது எதற்கு, எந்தத் தேதிவரை என்று உறவினர் தாராளமாகக் கேட்கலாம்.