ட்யூனர் வேறு, பாக்ஸ் வேறு

கடலூரில் எங்கள் தெருவில் வெறுமனே ‘பாக்ஸ்’ என்றால் ஒரே பொருள்தான்: கேபிள்காரர் வாடகைக்கு வைத்துவிட்டுப் போன கறுப்புப் பெட்டி. சோற்றுக்கு உள்ளதை டிபன் பாக்ஸ் என்று முழுசாகச் சொல்ல வேண்டும். போன மாதம் அக்கா வீட்டில் புது டி.வி. வந்து இறங்கியது. அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்ததை மாமா ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டு, “மச்சான், ட்யூனர் உள்ளேயே இருக்குன்னு போட்டிருக்கான். அப்புறம் எதுக்கு அந்த பாக்ஸுக்கு மாசாமாசம் வாடகை அழணும்?” என்றார்.

நியாயமான கேள்வி. ட்யூனர் என்பது பல அலைகளில் வேண்டியதை மட்டும் பிடிக்கிற பகுதி. பாதிப் பதில் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ட்யூன் என்பது ஆங்கிலத்தில் டோன் என்ற சொல்லின் இன்னொரு வடிவம். பிரெஞ்சு, லத்தீன் என்று பின்னால் போனால் கிரேக்கத்தின் ‘டோனோஸ்’ வரும். டோனோஸ் என்றால் இழுப்பு, விறைப்பு. நரம்பை இழுத்துக் கட்டினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். இழுப்புக்கு வைத்த பெயரே சுருதிக்கும் ஆகிவிட்டது. வடமொழியில் ‘தன்’ என்ற வேருக்கும் இழுத்தல், நீட்டுதல் என்றே பொருள். கிரேக்கச் சொல்லும் இதுவும் ஒரே குடும்பம். வீணைக்கு நாம் சொல்கிற ‘தந்தி’ அந்த வேரில் முளைத்தது. ஆக, ட்யூனரும் தந்தியும் ஒன்றுவிட்ட உறவு.

தமிழில் இந்த வேலைக்குச் சொல் இல்லாமலா இருந்தது? சிலப்பதிகாரத்தின் கானல்வரியில், புகார்க் கடற்கரையில் மாதவி யாழைக் கையில் எடுத்ததும் எட்டு வகைத் தொழில்கள் வரிசையாக வரும். முதலாவது பண்ணல்: பாடப்போகிற பண்ணுக்குத் தக்கபடி நரம்புகளை வீக்கி அமைத்துக்கொள்வது. மூன்றாவது ஆராய்தல்: அமைந்தது சரிதானா என்று பார்த்துக்கொள்வது. வீக்குதல் என்றால் இழுத்துக் கட்டுதல். கிரேக்கர் பிடித்த அதே இடத்தைத்தான் நம் ஆட்களும் பிடித்திருக்கிறார்கள். நரம்பை முறுக்க யாழில் இருந்த உறுப்புக்கு மாடகம் என்று தனிப்பெயரே உண்டு. பழைய ரேடியோவின் திருகுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்! ‘பண்ணல்’ மட்டும் இன்றைக்குச் செல்லுபடியாகாது. டி.வி.யைப் பண்ணல் என்று சொன்னால், “என்ன பண்ணல?” என்று திருப்பிக் கேட்பார்கள்.

இசையிலிருந்து இந்தச் சொல் கம்பியில்லாத் தந்திக்குத் தாவியது. இரண்டு தம்புராவை ஒரே சுருதியில் வைத்து ஒன்றை மீட்டினால் மற்றதும் லேசாக அதிரும். ரேடியோ அலைக்கும் அதே கதைதான்: அனுப்புகிற கருவியும் வாங்குகிற கருவியும் ஒரே அதிர்வில் இருக்க வேண்டும். 1897-இல் ஆலிவர் லாட்ஜ் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி இந்த வகை ஏற்பாட்டுக்குக் காப்புரிமை கேட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘சின்டோனிக்’, அதாவது சேர்ந்து ஒலிப்பது. பிரெஞ்சுக்காரர்கள் ட்யூனருக்கு ‘சேந்தொனிசேர்’ என்று அந்த வேரையே வைத்துக்கொண்டார்கள். ஆனால் வீட்டில் இருக்கிற பெட்டியை அவர்கள் அப்படிச் சொல்வதில்லை. அது ‘தெகோதேர்’, குறியை அவிழ்ப்பது. பக்கத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சு பேசும் வீடு தெரிந்தால் கேட்டுப் பாருங்கள். மாமா குழப்பிக்கொண்ட இடத்தில் பிரெஞ்சு தெளிவாக இரண்டு சொல் வைத்திருக்கிறது.

சரி, மாமா என்ன செய்தார்? பாக்ஸின் முதுகிலிருந்து கேபிள் பின்னைத் திருகிக் கழற்றி டி.வி.யில் செருகினார். மெனுவில் கேபிள் என்பதைத் தேர்ந்தெடுத்துத் தேடவிட்டார். கோடு மெல்ல நகர, சேனல் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அக்கா சமையலறையிலிருந்து, “வருதா?” என்றாள். “எல்லாம் வருது!” என்றார். எதை அமுக்கினாலும் மேலே பெயர் மட்டும் நிற்கிறது, கீழே முழுக்கக் கறுப்பு.

ட்யூனர் தன் வேலையைக் குறையில்லாமல் செய்துவிட்டது. அலையைப் பிடித்தது, பெயரைப் படித்தது. ஆனால் படம் பூட்டியிருக்கிறது. 1995-ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம் 2011-இல் திருத்தப்பட்ட பிறகு சேனல்களைப் பூட்டித்தான் அனுப்ப வேண்டும் என்றாகிவிட்டது. சாவி பாக்ஸிலோ அதில் செருகிய கார்டிலோ இருக்கிறது. கேபிள்காரருக்குப் போன் செய்தால் முதலில் “வி.சி. நம்பர் சொல்லுங்க” என்று அந்த வியூயிங் கார்டின் எண்ணைக் கேட்பது அதனால்தான்.

பூட்டு என்றதும் எனக்கு அப்பர் ஞாபகம் வருகிறார். எங்கள் ஜில்லாத் திருவாமூரில் பிறந்தவர். திருமறைக்காட்டில் அடைத்துக் கிடந்த கோயில் கதவைத் திறக்கப் பதிகம் பாடினார். கடைசிப் பாட்டு வரை கதவு அசையவில்லை. சுருதியில் குறையா? உள்ளே இருப்பவர் மனம் வைக்க வேண்டியிருந்தது. சம்பந்தர் ஒரே பாட்டில் அடைத்துவிட்டார் என்பதும் கேபிள் தொழிலுக்குப் பொருந்துகிறது.

அமெரிக்காவில் சாவியைத் தனியே பிரித்தார்கள். கேபிள்கார்டு என்ற அட்டையை நிறுவனத்திடம் வாங்கிச் சொந்த ட்யூனரில் செருகி, வாடகைப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவர்கள் அங்கே உண்டு. 2007 ஜூலையிலிருந்து நிறுவனங்கள் தாங்கள் கொடுக்கிற பெட்டியிலும் அந்த அட்டையையே பயன்படுத்த வேண்டியிருந்தது. 2020-இல் அட்டை கொடுக்கும் கட்டாயமே போய்விட்டது. அதே 2020 ஏப்ரலில் இங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், எந்த நிறுவனத்துக்கும் ஒத்துப்போகிற பெட்டி வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இனி தமிழ்ச் சொல். ட்யூனருக்கு ‘இசைவி’ என்று வைக்கலாம். இசை என்றால் பாட்டு, இசைதல் என்றால் ஒத்துப்போதல். இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வந்துவிடும். அழகுதான். ஆனால் பெண் குழந்தைக்கு வைக்கிற பெயர் மாதிரி இருக்கிறது. ‘அலைதேர்வி’ கொஞ்சம் வறட்சி என்றாலும் பலவற்றில் ஒன்றைத் தேர்கிறது என்ற வேலையைச் சொல்லிவிடுகிறது. என் ஓட்டு அதற்கே. ‘சுருதிப்பெட்டி’ வேண்டாம், அது கச்சேரி மேடையில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

செட்டாப் பாக்ஸை ‘மேலமர்வுப் பெட்டி’ என்று எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. டி.வி. செட் மரப்பெட்டியாக இருந்த காலத்தில் அதன் தலையில் இன்னொரு பெட்டி உட்காரும். இன்றைய டி.வி. சுவரில் அப்பளம் மாதிரி தொங்குகிறது; அதன் தலையில் பல்லிதான் உட்காரும். செய்கிற வேலையை வைத்து ‘திறவுப்பெட்டி’ என்றால் போதும்.

சொந்த அலைதேர்வியே போதும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவைக்கு மாத வாடகை கிடையாது. செயற்கைக்கோள் ட்யூனரை உள்ளே வைத்த டி.வி.க்கு 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 18112 என்ற தரத்தையும் வெளியிட்டது. அப்படிப்பட்ட டி.வி.க்கு மாடியில் ஒரு டிஷ் போதும். கடலூரில் அதைத் தென்கிழக்கே, கடலைப் பார்த்த மாதிரி, நன்றாக நிமிர்த்தி வைக்க வேண்டும்.

மாமா ஆர்வமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா தன் ராத்திரி சீரியல்களின் பெயரை வரிசையாகச் சொல்லி, “இதெல்லாம் அதுல வருமா?” என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. மாமா எழுந்துபோய்க் கேபிள் பின்னைப் பழையபடி பாக்ஸிலேயே திருகினார்.