வி வடிவ வாலும் 178 நொடிகளும்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், விச்சிட்டா நகரத்து பீச்கிராஃப்ட் நிறுவனம் 1945 டிசம்பர் 22 அன்று ஒரு சிறு விமானத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டது. பெயர் பொனான்சா, மாடல் 35. ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கைகள், அலுமினிய உடம்பு, மேலே ஏறியதும் உள்ளே மடிந்துகொள்ளும் சக்கரங்கள். அந்தக் காலத்துச் சிறு விமானங்கள் பெரும்பாலும் இரும்புக் குழாய்ச் சட்டத்துக்கு மேல் துணி போர்த்தியவை. அவற்றுக்கு நடுவில் இது மணிக்கு 270 கி.மீ. வேகத்தில் வழுக்கிக்கொண்டு போனது. 1947-ல் விற்பனைக்கு வந்தபோது விலை சுமார் 8,000 டாலர்.

பார்த்ததும் கண்ணில் படுவது அதன் வால்தான். மற்ற விமானங்களில் செங்குத்தாக ஒன்றும் கிடையாக இரண்டும் என மூன்று பலகைகள் இருக்கும். பொனான்சாவில் இரண்டே இரண்டு, ஆங்கில வி எழுத்துபோல விரிந்து நிற்கும். மூக்கை ஏற்றி இறக்குவதும் இடம் வலமாகத் திருப்புவதும் இந்த இரண்டின் பின்விளிம்பு மடல்களுக்கே வேலை. ஒரு பலகை மிச்சமானால் எடையும் காற்றின் இழுவையும் குறையும் என்பது கணக்கு. கிடைத்த லாபம் சொற்பம்தான். பிற்காலத்தில் அதே உடம்பில் வழக்கமான வால் பொருத்தி விற்றபோதும் வேகம் அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் அழகுக்கு விலை உண்டு. 1982-ல் உற்பத்தி நிற்கும்வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வி வால் பொனான்சாக்கள் விற்றன.

வாங்கியவர்களில் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் வியாபாரிகளும் அதிகம். பணம் இருந்தது, பயிற்சிக்கு நேரம் இல்லை. விபத்துகள் கூடக் கூட, விமானிகள் இதற்கு ‘கவட்டை வால் டாக்டர் கொல்லி’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பொனான்சாக்கள் வானத்திலேயே துண்டு துண்டாகிப் போயின. வால் ஒரு வயலில், இறக்கை வேறொரு வயலில் என்று கிடக்கும் சிதிலங்களைப் பார்த்தவர்கள் வாலைத்தான் குற்றம் சொன்னார்கள். விமானத்தின் எல்லை வேகத்தைத் தாண்டியது விமானியின் தவறு என்றது தயாரிப்பாளர் தரப்பு. பல பத்தாண்டுகள் நீண்ட இந்த வழக்கில் இரண்டு பக்கமும் பாதி உண்மைதான் பேசின.

விபத்து வாலில் தொடங்குவதில்லை. பெரும்பாலும் அது விமானியின் காதுக்குள் தொடங்குகிறது.

உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றில் ஒரு திரவம். தலை திரும்பும்போது குழாய் நகரும், திரவம் கொஞ்சம் பிந்தும், அந்த வித்தியாசத்தை மூளை ‘திரும்புகிறோம்’ என்று படிக்கும். ஒரு குடத்தைச் சுழற்றினால் முதலில் குடம் மட்டும் சுற்றும். விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீரும் சேர்ந்து சுற்றத் தொடங்கிவிடும். காதிலும் அதுவே நடக்கிறது. ஒரே சீரான திருப்பம் இருபது நொடிபோல நீடித்தால் திரவம் குழாயை எட்டிப் பிடித்துவிடும். அதன்பின் விமானம் திரும்பிக்கொண்டே இருந்தாலும் நேராகப் போவதாகத்தான் தோன்றும். மிக மெதுவாகச் சாய்ந்தாலோ, தொடக்கத்திலிருந்தே ஒன்றும் தெரியாது. வெளியே அடிவானம் தெரிந்தால் கண் இந்தப் பிழையைத் திருத்திவிடும். மேகத்துக்குள்ளோ நிலவில்லாத இரவிலோ திருத்த ஆளில்லை. முன்னால் இருக்கும் மானிகளை மட்டும் நம்பிப் பறக்கத் தனியாகப் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சி இல்லாதவர் எவ்வளவு நேரம் தாங்குவார்? 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். மானிகளை வைத்துப் பறந்து பழகாத இருபது பேரை வெளியே பார்க்க முடியாதபடி மறைத்துப் பறக்கவிட்டார்கள், பக்கத்தில் பயிற்றுநர். பத்தொன்பது பேர் சுழன்று இறங்கும் பாய்ச்சலில் விழுந்தார்கள். மீதி ஒருவர் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கி வேகத்தை இழந்தார். கட்டுப்பாட்டை மிக விரைவாக இழந்தவருக்கு 20 நொடி, அதிகம் தாங்கியவருக்கு 480 நொடி. சராசரி 178. இந்த எண் இன்றும் விமானப் பயிற்சி வகுப்புகளில் பயமுறுத்தப் பயன்படுகிறது. பலர் சொல்ல மறப்பது, சோதனைக்கு எடுத்துக்கொண்ட விமானம் ஒரு பொனான்சா என்பதை. வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தார்கள். சாதாரண விமானியைச் சோதிக்க இதைவிடக் கண்டிப்பான விமானம் அப்போது கிடைத்திருக்காது.

காரணம் அதன் வழுவழுப்பு. இறக்கை ஒருபக்கம் சாய்ந்தால், விமானத்தைத் தூக்கிப் பிடிக்கும் விசையும் சாய்கிறது. மேல்நோக்கிய பங்கு குறைவதால் மூக்கு தாழ்கிறது, வேகம் ஏறுகிறது. சக்கரங்கள் வெளியே தொங்கும், இறக்கைக்கு முட்டுக்கம்பி கொடுத்த விமானத்தில் காற்றே ஓரளவு பிரேக் போடும், விமானிக்குச் சுதாரிக்க நேரம் கிடைக்கும். பொனான்சாவில் அந்த இழுவை இல்லை, வேகம் குப்பென்று ஏறும். விமானி மானியைப் பார்க்கிறார்: உயரம் குறைகிறது, வேகம் கூடுகிறது. ‘நேராகத்தான் போகிறோம், மூக்குதான் தாழ்ந்திருக்கிறது’ என்று காது சொல்கிறது. கையிலிருக்கும் கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னால் இழுக்கிறார். சாய்ந்த நிலையில் இழுத்தால் விமானம் மேலே வராது, சுழல் இன்னும் இறுகும். இன்னும் இழுக்கிறார்.

அறுபது பாகை சாய்ந்து, உயரம் இழக்காமல் திரும்பினாலே இறக்கை விமானத்தின் எடையைப்போல் இரண்டு மடங்கைச் சுமக்க வேண்டும். எழுபத்தைந்து பாகையில் அது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. பொனான்சாவுக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை 4.4 மடங்கு. சிறு விமானத்துக்கு இது நல்ல உறுதிதான், போட்டி நிறுவனங்களின் பல விமானங்களைவிட அதிகம். ஆனால் காற்றின் விசை வேகத்தின் இருமடியில் ஏறுகிறது. வேகம் நாற்பது சதவீதம் கூடினால் விசை ஏறத்தாழ இரட்டிப்பு. எல்லை வேகத்தைத் தாண்டிய நிலையில் ஒரு பீதி இழுப்பு, அவ்வளவுதான்.

வாலின் குற்றம் இங்கேதான் வருகிறது. 1951-ல் வந்த சி35 மாடலில் வால் பலகைகளை அகலப்படுத்தினார்கள். நிலைத்தன்மைக்கு அது நல்லது. ஆனால் பலகையைத் தாங்கும் முன்சட்டம் பழைய இடத்திலேயே இருந்துவிட்டது. அதற்கு முன்னால் பலகை நீட்டிக்கொண்டிருந்தது, அந்த முன்விளிம்பின் அடிப்பகுதிக்கு விமான உடலில் பிடிமானம் இல்லை. வழக்கமான வேகத்தில் இதனால் ஒன்றும் இல்லை. எல்லை தாண்டிய வேகத்தில், முரட்டு இழுப்பில், பலகை முறுகி முறியும். விமானத்தின் வால் எப்போதும் பின்புறத்தைக் கீழே அழுத்திக்கொண்டுதான் பறக்கும், மூக்கு தாழாமல் இருப்பது அதனால்தான். வால் போன அடுத்த கணம் மூக்கு குப்புறக் கவிழும், இறக்கைகள் கீழ்நோக்கி முறியும். சிதிலங்கள் வயல்வெளியெங்கும் கிடந்ததன் காரணம் இது.

நேர் வால் வைத்த அதன் உடன்பிறப்புகள் வானில் உடைவது மிகக் குறைவு என்பது ஒப்பிட்டுப் பார்த்தபோது தெரிந்தது. ஓட்டியவர்கள் அதே மாதிரி ஆட்கள், எஞ்சினும் உடம்பும் ஏறத்தாழ அதே. விமானியை மட்டும் குறை சொல்லும் வாதம் அங்கே ஆட்டம் கண்டது. 1980-களின் நடுவில் அமெரிக்க அரசு இதை ஆராய்ந்தது. 1987-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. ஓர் உத்தரவு போட்டது: சி35 முதல் கடைசி வி35பி வரை எல்லா விமானங்களிலும் வாலின் முன்விளிம்பு அடியை உடலோடு பிணைக்கும் ஓர் உலோகக் கவசம் பொருத்த வேண்டும். சின்ன வேலைதான். அதற்குப் பின் வால் முறிந்த விபத்துகள் வெகுவாகக் குறைந்தன. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் ஜீரணிக்க முடியாதது.

இன்னொரு பலவீனம் வால் மடல்களின் எடைச் சமநிலை. அவற்றின் தோல் மெல்லிய மக்னீசியத் தகடு. மறுபடி வண்ணம் பூசினால்கூடச் சமநிலை மாறும், மாறினால் அதிவேகத்தில் மடல் படபடத்து வாலையே பிய்த்துவிடக் கூடும். அதனால் பூச்சுக்குப் பின் மடலைக் கழற்றி எடைபார்த்துச் சரிசெய்வது கட்டாயம்.

வாலுக்குச் சம்பந்தமே இல்லாமல் நடந்த விபத்துதான் உலகப் புகழ் பெற்றது. 1959 பிப்ரவரி 3, நள்ளிரவு தாண்டி ஒரு மணி நெருங்கும் நேரம். அயோவா மாநிலம் மேசன் சிட்டியிலிருந்து ராக் அண்ட் ரோல் பாடகர்கள் படி ஹோலி, ரிச்சி வேலன்ஸ், ஜே.பி. ரிச்சர்ட்சன் மூவரையும் ஏற்றிக்கொண்டு 1947-ம் ஆண்டு பொனான்சா ஒன்று கிளம்பியது. லேசான பனித்தூவல், கீழே விளக்கில்லாத வயல்கள். சில நிமிடங்களில், பத்து கிலோமீட்டர்கூடப் போகாமல், வலது இறக்கை கீழே சாய்ந்தபடி அதிவேகத்தில் தரையில் மோதியது. நால்வரும் இறந்தார்கள். வானில் எதுவும் உடைந்திருக்கவில்லை. 21 வயது விமானிக்கு மானிகளை நம்பிப் பறக்கும் தகுதிச் சான்று கிடையாது. அதோடு இன்னொன்றையும் விசாரணை அறிக்கை சொன்னது: அந்த விமானத்தில் இருந்த ஸ்பெரி எஃப்3 மானி, மூக்கு ஏறுவதையும் இறங்குவதையும் அவர் பழகிய மானிக்கு நேர்த் தலைகீழாகக் காட்டும். இருட்டில் காது ஏமாற்றும் நேரத்தில் கண்ணுக்கு முன்னால் இப்படியொரு கருவி.

நம் பக்கத்தில் கிறிஸ்துமஸ் வந்தால் அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் குரல் இன்னமும் எங்கிருந்தாவது கேட்கும். அவரும் 1964 ஜூலை 31 அன்று நாஷ்வில் அருகே இடிமழைக்குள் தானே விமானம் ஓட்டிப்போய் இறந்தவர்தான். அது பீச்கிராஃப்ட் டெபனேர், நேர் வால் வைத்த பொனான்சா. வாலை மாற்றினாலும் மேகம் மாறவில்லை.

இல்லினாய் ஆய்வாளர்கள் எண்ணைச் சொல்லிப் பயமுறுத்தியதோடு நிற்கவில்லை, வழியும் கண்டுபிடித்தார்கள். தெரியாமல் மேகத்துக்குள் போய்விட்டால் கையை எடுத்துவிடு. சக்கரத்தை இறக்கு, அதன் இழுவை வேகத்தைக் கட்டும். பின் கால் மிதிகளால் மட்டும் மெதுவாக, வந்த வழியே அரைவட்டம் திரும்பு. இதைச் சிறிது நேரம் பழக்கியதும் அதே ஆட்கள் கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் தப்பித்து வந்தார்கள்.

கடைசியாக, யாரும் சாகாததால் பெரிதாகப் பேசப்படாத ஒரு வகை விபத்து. பெரும்பாலான விமானங்களில் சக்கர சுவிட்ச் இடதுபக்கம், இறக்கை மடல் சுவிட்ச் வலதுபக்கம். பழைய பொனான்சாக்களில் இது இடம் மாறி இருந்தது. தரையிறங்கி ஓடும்போது மடலை ஏற்றுவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கி, வயிற்றால் ஓடுபாதையைத் தேய்த்தவர்கள் ஏராளம். எல்லாம் ‘விமானி தவறு’ என்றே பதிவானது. 1980-ல் அமெரிக்காவில் விபத்துகளை விசாரிக்கும் அரசு அமைப்பான என்.டி.எஸ்.பி. ஒரு தனி அறிக்கையில் இதை வடிவமைப்பு உண்டாக்கும் விபத்து என்றே தலைப்பிட்டு எழுதியது. 1984-ல்தான் பீச்கிராஃப்ட் சுவிட்சுகளை மற்றவர்கள் வைக்கும் இடத்தில் வைத்தது. அதற்கு முன் விற்றவை பழைய அமைப்போடுதான் இன்றும் பறக்கின்றன. இரண்டு வகை விமானத்தையும் மாற்றி மாற்றி ஓட்டுபவர்கள், ஓடுபாதையை விட்டு வெளியே வந்து நிறுத்தும்வரை எந்த சுவிட்சையும் தொடுவதில்லை.